தெரிந்துதானே குடிவந்தீர்கள்?

(மும்பையில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் நிகழ்த்திய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நான் பேச வந்தது குழாயைப் பற்றி, கட்டரைப் பற்றி, சண்டாஸைப் பற்றி. "இதெல்லாம் ஒரு அரசியலா அண்ணே?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். தம்பி, விடியற்காலை நாலு மணிக்கு ஹண்டாவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் உங்கள் தாயாரைக் கேளுங்கள். அரசியல் எங்கே தொடங்குகிறது என்று அவர் சொல்வார்.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தகப்பனார் இறந்தபின் வாரிசு முறையில் எனக்கு ரயில்வே வேலை கிடைத்தது. முதலில் போட்ட ஊரின் பெயர் வேண்டாம். நம்மவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். அந்தக் குழாய் கட்டருக்குள்ளேயே ஓடி வந்தது. ஒரு மழைக்காலத்தில் தண்ணீரில் நாற்றம் அடித்தது. பத்தாவது படித்தவன், ஆபீஸ் வேலை பார்ப்பவன் என்பதால் எல்லோரும் என்னைத்தான் அனுப்பினார்கள். மூன்று முறை போனேன். "ஆள் அனுப்புகிறோம், போங்கள்" என்றார்கள். நானும் வந்துவிட்டேன்.

ஐந்து வீடுகளில் மஞ்சள் காமாலை. எங்கள் அடுத்த வீட்டு அக்கா எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த நிலையில் காமாலை வந்தால் எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாது. தாயும் போனாள், பிள்ளையும் போனது.

காரியம் முடிந்து அவர் கணவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த இடத்திலிருந்து புகாரே வரவில்லையே!"

தோழர்களே, அது பொய். ஆனால் அதைப் பொய் என்று நிரூபிக்க என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை காணாமல் போனால் மூன்று பிரதி எழுதுகிறவன் நான். என் தெருவின் உயிருக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்று அந்த அலுவலகத்தில் இன்னொரு வாக்கியமும் காதில் விழுந்தது. "வசதி இல்லாத இடம் என்று தெரிந்துதானே குடிவந்தீர்கள்?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்குப் பதில் உண்டா? உண்டு. இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன பதில் உண்டு.

மேற்கு ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு ரத்லம் ஸ்டேஷன் தெரியும். மத்தியப் பிரதேசத்து ஊர். அங்கே ஒரு வார்டில் கட்டர் இல்லை, பொதுக் கழிப்பிடம் இல்லை. மலமும் சாக்கடையும் தெருவில் ஓடின. போதாததற்குச் சாராய ஆலைக் கழிவும் கலந்தது. குடியிருந்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவு: பொதுத் தொல்லையை நீக்கு என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அவரும் நகராட்சிக்கு உத்தரவிட்டார். நகராட்சி என்ன சொன்னது? ஒன்று, பணம் இல்லை. இரண்டு, இந்த ஜனங்கள் கண்ணைத் திறந்துகொண்டே குடிவந்தவர்கள், இப்போது குறை சொல்லக்கூடாது. அதே வாக்கியம்தான், பாருங்கள்!

வழக்கு டில்லி வரை போனது. 1980 ஜூலையில் நீதிபதிகள் கிருஷ்ணய்யரும் சின்னப்ப ரெட்டியும் தீர்ப்பளித்தார்கள். சாக்கடையும் கழிப்பிடமும் நகராட்சியின் கடமை, பணமில்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார்கள். கட்டர் கட்டு, கழிப்பிடம் கட்டு, ஆலைக் கழிவை நிறுத்து என்று காலக்கெடுவும் வைத்தார்கள். 2024 ஜூலை முதல் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த அதிகாரம் போகவில்லை; இப்போது அது 152ஆம் பிரிவு. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் மும்பைக்கு வருவோம். இங்கே மாநகராட்சி நடப்பது 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. அதில் 61ஆம் பிரிவு கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. 63ஆம் பிரிவு விருப்பம்போல் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறது. கட்டர், பொதுக் கழிப்பிடம், குப்பை அள்ளுதல், தெருவிளக்கு இவை எந்தப் பட்டியலில் இருக்கின்றன? 61இல், கட்டாயக் கடமைப் பட்டியலில். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கட்டாயம் என்றதை, இன்றைக்கு யாராவது தர்மம் செய்வதுபோல் பேனர் வைத்துத் திறந்தால் நாம் மாலை போடுகிறோம். போடுவது மரியாதை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நமக்குச் சேர வேண்டியதைத்தான் வாங்கினோம் என்ற நினைப்பும் இருக்க வேண்டும்.

"நீங்கள் வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்பார்கள். 2017 வரை இந்த மாநகராட்சியின் பெரிய வருமானங்களில் ஒன்று ஆக்ட்ராய். நகருக்குள் வந்த அரிசி மூட்டைக்கும் சோப்புக் கட்டிக்கும் விலையோடு விலையாக அதை யார் கொடுத்தது? நாமும்தான் கொடுத்தோம். இன்றைக்கு ஜி.எஸ்.டி.யாகக் கொடுக்கிறோம்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. இந்த நகரத்துக்கு ஏழு ஏரிகள் தண்ணீர் தருகின்றன. துளசியும் விஹாரும் நகர எல்லைக்குள். தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாத்சா ஐந்தும் வெளியே, தானே, நாசிக் மலைப்பக்கம். தண்ணீரும் நம்மைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்ததுதான்! அது வெளியூர்க்காரத் தண்ணீர் என்று யாரும் விரட்டுவதில்லை. அந்த ஏரிகளின் பக்கத்து ஆதிவாசி கிராமங்கள் பல கோடையில் டேங்கருக்குக் காத்து நிற்கின்றன என்பதையும் மறக்காதீர்கள். அவர்கள் நம் எதிரிகள் அல்ல, நம்மோடு நிற்க வேண்டியவர்கள்.

குறிப்பிட்ட தேதிக்குப் பின் போட்ட குடிசைக்குக் குழாய் கிடையாது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பாணி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குப் போட்டது. குடிசை சட்டவிரோதமானது என்பதற்காகக் குடிநீரே இல்லை என்று சொல்ல முடியாது, தண்ணீர் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படியான வீட்டுக்குச் சமமாக வேண்டும் என்று கேட்க முடியாது, கட்டணம் கூடலாம் என்றும் சொன்னது. முழு வெற்றி இல்லை. ஆனால் 2022இல் எல்லோருக்கும் தண்ணீர் என்று மாநகராட்சி கொள்கை வகுத்ததற்கு அந்தத் தீர்ப்புதான் அடி.

அடுத்தது கசப்பான விஷயம். கட்டர் அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து ஒரு ஆளைப் பிடித்து உள்ளே இறக்குகிறோம். தோழர்களே, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒரு மனிதனைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவது குற்றம். விஷவாயு தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பணம் கொடுத்தால் ஆள் வருமா? இறங்குகிறவர் பெரும்பாலும் யார்? ஊரில் எந்தத் தெருவிலிருந்து நம்மில் பலர் தப்பித்து ரயில் ஏறினோமோ, அதே தெருவின் பிள்ளை. இயந்திரம் அனுப்புவது மாநகராட்சியின் பொறுப்பு. அது வரும்வரை நாற்றத்தைப் பொறுப்போம், ஒருவனையும் இறக்க மாட்டோம் என்று இந்தக் கூட்டம் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது எழுத்து வேலை. அதைச் சொல்கிறேன்.

1916 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதோடு விடாதீர்கள். மராத்தியிலோ இந்தியிலோ ஒரு அர்ஜி எழுதி இரண்டு பிரதி எடுங்கள். மராத்தி தெரிந்த பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கட்டர் நாற்றம் தமிழன் மூக்குக்கு மட்டும் வருவதில்லை. வார்டு ஆபீசில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஆவக் நம்பரும் தேதியும் முத்திரையும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

வேலை நடக்கவில்லையா? அல்லது போன மாதம் போட்ட கட்டர் மூடி இந்த மாதம் உடைந்துவிட்டதா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். என்ன கேட்பது? வொர்க் ஆர்டர், காண்ட்ராக்டர் பெயர், மெஷர்மெண்ட் புத்தகம். இந்தக் கடைசிப் புத்தகம் ரயில்வேக்காரனுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் வேலை நடந்தது என்று அளந்து எழுதிய பிறகே பில் பாஸாகும். நூறு மீட்டர் என்று எழுதியிருந்தால் ஒரு கயிறு கொண்டுபோய் நாமே அளந்துவிடலாம். நடக்கும் வேலையைப் பார்வையிடவும், போடும் பொருளின் மாதிரியைச் சான்றோடு கேட்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

"நகரசேவக்கிடம் சொன்னால் போதாதா?" என்பீர்கள். சொல்லுங்கள், அது அவர் வேலை. ஆனால் 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் நகரசேவக்கே இல்லாமல் நிர்வாக அதிகாரி ஆட்சி நடந்ததைப் பார்த்தோம். மனிதர்கள் வருவார்கள், போவார்கள். முத்திரை விழுந்த காகிதம் நம் டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் சங்கம் தருகிறது. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், நிறம், நாற்றம், புகார் எண் இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் எட்டாவது படிக்கும் பெண் போதும் அதை எழுத. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.

அந்த அக்காவை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் இனி எந்த மேசைக்குப் பின்னாலிருந்தும் "புகாரே வரவில்லையே" என்று ஒருவர் சொன்னால், நம்மில் ஒருவர் பையைத் திறந்து காகிதத்தை எடுத்து வைக்க வேண்டும். அதற்காகவே இன்று பேசினேன்.

நோட்டுகள் வாசலில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு வாங்கிச் செல்லுங்கள்.