‘சுத்தமாயிட்டான்’ என்றார்கள்

(ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் பெரியம்மா மகனிலிருந்து தொடங்குகிறேன். ஹெராயினுக்குப் பழகியவன். ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் பூட்டி வைத்திருந்தார்கள். அடி உண்டு, மருந்து கிடையாது. ‘சுத்தமாயிட்டான், கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான், மூச்சு நின்றுவிட்டது. அந்த மூன்று மாதத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருந்தது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ‘அவனுக்கு மன உறுதி இல்லையே’ என்றுதான் பெரியம்மா இன்றைக்கும் அழுகிறார்.

ஹெராயின், அபின், சில வலி மாத்திரைகள் எல்லாம் மூளையில் ஒரே இடத்தில்தான் போய் உட்காருகின்றன. பழகிய உடம்புக்கு அது கிடைக்காவிட்டால் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் நோகும், வயிறு போகும், தூக்கம் வராது. புப்ரெநார்பின் என்ற மருந்து அதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. ஒரு அளவுக்கு மேல் அதில் போதை ஏறாது. தவிப்பு அடங்கியவர் வேலைக்குப் போகலாம். மெத்தடோன் இதே வகையில் இன்னொரு மருந்து. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் இது இலவசமாகவே தரப்படுகிறது.

‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?’ என்பார்கள். 1990களில் சென்னையில் இதே மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள், உண்மைதான். அதனால்தான் செவிலியர் எதிரிலேயே மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கச் சொல்கிறார்கள். ஆனால் கேள்வி அதோடு நிற்பதில்லை. சர்க்கரைக்கு ஆயுசு முழுக்க ஊசி போடுகிறவரிடம் யாரும் மன உறுதியைக் கேட்பதில்லை. இங்கே மட்டும் ‘சுத்தம்’ கேட்கிறார்கள். சுத்தம், தீட்டு என்று மனிதரை அளப்பது எங்கிருந்து வந்த பழக்கம் என்று இந்த அரங்குக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எல்லாச் சாதியிலும் போதை இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுப் பையனுக்கு ‘டிப்ரெஷன்’, கவுன்சலிங். கால்வாய் ஓரத்துப் பையன் ‘மாத்திரை கேஸ்’.

சட்டமே இப்படிச் சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. நம் தெருக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்று. இந்த மருந்துக்கு மையம் பக்கத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலும் தினமும் போகவேண்டும். 2022 மே மாதம் இதே பகுதியில், கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி மருந்துக்கு வருகிறவன் கூலிக்கு எப்போது போவான்? கொரோனா காலத்தில் பல நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. அப்போது முடிந்தது இப்போதும் முடியும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த மருந்து வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் முதலில் வேண்டும். பூட்டி அடிக்கும் இல்லங்கள் மூடப்படவேண்டும். உங்கள் தெருவில் ஒருவன் திரும்பி வந்தால், சுத்தமாகிவிட்டானா என்று கேட்காதீர்கள். மருந்து கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.