வெந்நீரும் நீரின் அமுக்கமும்

மார்கழி விடியலில், நுவரெலியாவிலே, குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே வருகிறது. குற்றம் பெரும்பாலும் உடனடிச் சுடுநீர்க் கருவியினுடையதன்று. நீர் போதிய வேகத்தில் ஓடினாலன்றி அது மின்னை ஏற்காது; வெறுங்கலம் காயாதிருக்க அமைத்த காவல் அது.

3.5 கிலோவாற் கருவி, 15 பாகை நீரை 40 பாகைக்கு உயர்த்தி, நிமிடத்திற்கு 2 லீற்றரே தரவல்லது. கொழும்பின் 27 பாகை நீராயின் ஏறத்தாழ 4 லீற்றர் தரும். ஆகவே மலைநாட்டார் சூட்டுக்காகக் குழாயை ஒடுக்குகின்றனர். சற்றே மிகுதியாக ஒடுக்கினாலோ கருவி அணைந்துவிடுகிறது. ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்து நீருக்கே ஒரு வளிமண்டல அமுக்கம் உண்டு. கருவிக்கு 2 மீற்றர் மேலே வைத்த தாங்கிக்கு அதில் ஐந்திலொன்றுதான்.

மேட்டுப் பீலியிலிருந்து நீரிறக்கும் தோட்டத்து வீடுகளுக்கு உயரக் குறைவில்லை. ஆனால் மணலும் சருகும் கருவியின் வாயிற் சல்லடையை அடைத்துவிடும். புதுக் கருவிக்குப் பணம் தேடுமுன், மின்னையும் நீரையும் நிறுத்தி, அச்சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம்.