பதினொன்றுக்குப் பதினொன்று

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்கள் பால்கோவா வேறு கொடுத்துவிட்டார்கள். உங்கள் கண் சொக்குவதற்குள் ஒரு கால்பந்து ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல, சமூக அறிவியல் நடத்துகிறவள். ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2024 பிப்ரவரி 8. வங்கதேசத்தின் டாக்கா நகரில், கமலாபூரில் உள்ள விளையாட்டரங்கம். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான் என்று நான்கே அணிகள். இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் வங்கதேசமும் மோதின. எட்டாவது நிமிடத்தில் சிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் போட்டார். அதன்பிறகு ஆட்டம் முடியும் வரை கோலே இல்லை. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகக் கொடுத்த கூடுதல் நிமிடங்களில் சாகரிகா என்ற வங்கதேசப் பெண் பந்தை வலைக்குள் தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று.

அடுத்து பெனால்டி. முதல் ஐந்து வாய்ப்புகளில் முடிவு தெரியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நீண்டது. ஒருவருமே தவறவிடவில்லை. கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் வந்து அடித்தார்கள். அவர்களும் கோல். பதினொன்றுக்குப் பதினொன்று. இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு கோல்கள்.

இந்த இடத்தில்தான் குழப்பம். விதி தெளிவாக இருக்கிறது. எல்லோரும் ஒரு முறை அடித்து முடித்தும் சமநிலை என்றால், மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்க வேண்டும். ஆனால் ஆட்ட ஆணையர் நாணயம் சுண்டச் சொன்னார். சுண்டினார்கள். இந்தியா ஜெயித்தது என்று அறிவித்தார்கள். நம் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். வங்கதேச அணியோ, அப்படி ஒரு விதியே கிடையாது என்று மைதானத்தை விட்டு நகர மறுத்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து பாட்டில்கள் பறந்து வந்தன. பிறகு ஆணையர் தன் முடிவைத் திரும்பப் பெற்று, பெனால்டியைத் தொடரச் சொன்னார். ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட இந்திய அணி அதற்கு ஒப்புக்கொள்ளாமல் வெளியேறியது. நீண்ட நேர இழுபறிக்குப் பிறகு இரு அணிகளும் கூட்டு வெற்றியாளர்கள் என்று முடித்தார்கள்.

இதை என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு வழக்கு மாதிரி வைத்தேன். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று வரையறை எழுதிப்போடுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. “அறிவிச்ச பிறகு மாத்துனா யாரு டீச்சர் நம்புவா?” என்றான் ஒருவன். “விதியில இல்லாதத அறிவிச்சா அது செல்லவே செல்லாது” என்றாள் ஒருத்தி. எனக்கும் அவள் கட்சிதான். சர்வதேச அதிகாரியிடம் போய், இது விதியில் இல்லை என்று சொல்வதற்கு விதி தெரிந்திருக்க வேண்டும், துணிச்சலும் வேண்டும். வங்கதேச அணியிடம் இரண்டும் இருந்தன. அதற்காக நம் பெண்களைக் குறை சொல்லவும் முடியாது. அதிகாரி சொன்னதைத்தானே அவர்கள் கேட்டார்கள்? வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், “டீச்சர், இருபத்திரண்டு பேருல ஒருத்திகூட எப்படித் தப்பா அடிக்காம இருந்தா?” என்றாள்.

வழக்கை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். இன்று உங்கள் முன் நிற்பதும் அதற்காகத்தான்.

வங்கதேசத்தின் மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயாவின் காரோ மலையை ஒட்டி, கல்சிந்தூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. 2011-இல் அந்நாட்டு அரசு, தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு முழுவதும் கால்பந்துப் போட்டி தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக மேலே போகும் போட்டி. நம் குறுவட்டம், மாவட்டம் மாதிரிதான். கல்சிந்தூர் பள்ளியின் உதவி ஆசிரியர் மொபிஸ் உத்தீன் சிறுமிகளைத் திரட்டிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். ஊரில் எதிர்ப்பு வந்தது. பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று கேட்டார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். அந்தச் சிறுமிகள் தேசியக் கோப்பையை அடுத்தடுத்து வென்றார்கள். ஊருக்கு மின்சாரம் வந்ததே இந்தப் பிள்ளைகளால்தான் என்று அங்கே பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர் மரியா மந்தா. காரோ பழங்குடிப் பெண். தந்தை இல்லை, தாய் வயல் கூலி. 2017 டிசம்பரில் டாக்காவில் நடந்த 15 வயதுக்குட்பட்டோர் தெற்காசியப் போட்டியின் இறுதியில் வங்கதேசம் இந்தியாவை 1-0 என்று வென்றது. அந்த அணிக்குத் தலைவி மரியா. ஐந்தாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் காட்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று மூத்தோர் தெற்காசியக் கோப்பையை வாங்கிய அணியிலும் அவர் இருந்தார். அதே அணியில் கல்சிந்தூர் பிள்ளைகள் இன்னும் பலர். ஒரு நாட்டின் அணியில் இத்தனை பேர் ஒரே தொடக்கப்பள்ளி!

டாக்காவில் கடைசி நேரக் கோல் போட்ட சாகரிகா வேறு மாவட்டம், தாக்கூர்காவ். அவருடைய அப்பா டீக்கடை வைத்திருப்பவர். மகள் கால்பந்து ஆடுவதை முதலில் அவரும் எதிர்த்தவர்தான்.

நம் பக்கமும் வெறுங்கை இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய மூத்தோர் கோப்பையை வென்றார்கள். முதல் முறை வீழ்த்தியது மணிப்பூரை! இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள். 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை மதுரையின் சேது அணி வென்றது. அதே குழுமத்தின் பொறியியல் கல்லூரி நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியில்தான் இருக்கிறது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அப்படியிருக்க, நம் இரண்டு வட்டாரங்களிலும் பெண்கள் கால்பந்துக்குப் பதினொரு பேரைச் சேர்க்கவே ஏன் திணறுகிறோம்?

எனக்குத் தெரிந்தவரை காரணம் ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஆண் பிள்ளைகளை முந்தி ஓடுகிறவள், எட்டாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். பெரியவளாகிவிட்டாள், அவ்வளவுதான். மைதானத்தைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நாம் யாரும் தீர்மானம் போட்டுக் கொடுக்கவில்லை, தானாக நடக்கிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கிக்கொள்ளும். அந்தக் கடன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கல்சிந்தூர் பிள்ளைகள் பந்தோடு வளர்ந்தது சரியாக இந்த வயதில்தான். இதைத் தவறவிட்டுவிட்டுப் பதினேழு வயதில் பயிற்சியாளரை அழைத்து வந்து என்ன செய்வது?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்காக அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குப் பஞ்சாலையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். சாயங்காலம் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இவள்தான். “வெயில்ல கருத்துப் போயிருவா டீச்சரம்மா. கால ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு கட்டுவா?” என்றார். நான் கோப்பையையும் இந்திய அணியையும் பற்றிப் பேசவில்லை. வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டைச் சொன்னேன். இந்துமதி காவல் துறையில் உதவி ஆய்வாளர் என்று சொன்னேன். அதற்குத்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றுகிறோம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம் என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: “அந்த வலைக்கு முன்னால நிக்கிற வேலைய வேணும்னா குடுங்க. அங்கதான் ஓட வேண்டாமே!” இப்போது அவள்தான் எங்கள் கோல்கீப்பர். பெனால்டியும் அடிக்கப் பழகுகிறாள். டாக்காவில் கோல்கீப்பர்களும் அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டு உபகரணங்களுக்குத் தொடக்கப்பள்ளிக்கு 5,000, நடுநிலைப்பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்காம் அளவுப் பந்து போதும், ஐந்தாம் அளவு வாங்காதீர்கள். கோல் கம்பம் இல்லையென்றால் இரண்டு செங்கல் போதும். எங்கள் ஊரில் பந்துக்கு முதல் எதிரி சீமைக் கருவேல முள். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் எல்லோருமாக முள் பொறுக்குவோம். இதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் மைதானம் பெண்களுக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க மட்டும் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். எழுதாத வரைக்கும் அது நடக்காது. மாதவிடாய் நாட்களில் வர வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். யாரும் காரணம் கேட்க வேண்டாம். ஆண் ஆசிரியர் பயிற்சி கொடுக்கும் இடத்தில் ஓர் ஆசிரியை உடன் இருந்தால் பெற்றோருக்கும் நிம்மதி.

நம் குறுவட்டப் போட்டிகளில் 14, 17, 19 என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. டாக்காவில் ஆடியதும் இந்தப் பத்தொன்பதுதான். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. ஆனால் குறுவட்டத்தில் மோதுவதற்கு எதிரணி இல்லாமல், ஆடாமலேயே வென்றதாக எழுதிக்கொண்டு திரும்பும் பெண்கள் அணிகளை நாம் பார்க்கிறோம். ஒரு நிமிடம்கூட ஆடாமல் கிடைத்த சான்றிதழை அந்தப் பிள்ளை வீட்டில் எப்படிக் காட்டுவாள்? அதனால் போட்டிக்கு முன்பே நமக்குள் ஆடிக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பதினொரு பேர் இல்லாவிட்டால் ஏழு பேரோடு வாருங்கள், எழுவர் ஆட்டம் ஆடுவோம். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பெனால்டி அடிக்கட்டும்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பள்ளி மைதானம் திறந்திருக்கும். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தின் மாதிரிப் படிவம் இந்த மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மூன்று பந்துகள் இருக்கின்றன. காற்றடிக்கும் பம்ப் மட்டும் பழுதாகிக் கிடக்கிறது. யாராவது ஒருவர் கொண்டு வாருங்கள்.