பாக்குவெட்டிப் பொம்மையும் அந்த எலி வேஷமும்



ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக புளோக். டிசம்பர் பள்ளி விடுமுறை, சனிக்கிழமை காலை. மின்தூக்கியில் ஒரு தமிழ்த் தாயும் பன்னிரண்டு வயது மகளும் நிற்கிறார்கள். ஒன்பதாவது மாடியில் எட்டு வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி ஏறுகிறாள். இறுக்கிப் போட்ட கொண்டை, தோளில் பாலே காலணிப் பை.

“எங்கேம்மா இவ்வளவு காலையில்?” என்று கேட்கிறார் தாய்.

“ஒத்திகை, ஆன்டி. இந்த வருஷம் நான் எலி. அடுத்த வருஷம் சிப்பாய் ஆகிவிடுவேன்!”

தமிழ்ச் சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஆறு வருடம் பரதநாட்டியம் கற்றவள்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வந்தது, வகுப்பு நின்றது. சலங்கை அலமாரியில் இருக்கிறது.

எலியாக ஆடுவதில் ஒரு குழந்தைக்கு இத்தனை பெருமை வருவானேன்? அந்தப் பெருமைக்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

‘நட்கிராக்கர்’ என்ற அந்த பாலே நாடகத்தின் கதை எளிது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரும் பெரியவர் ஒருவர் கிளாரா என்ற சிறுமிக்கு ஒரு மரப்பொம்மை தருகிறார். அதன் வாயில் கொட்டையை வைத்து அழுத்தினால் ஓடு உடையும். நம் வீட்டுப் பாக்குவெட்டிக்கு மனித முகம் வைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பொம்மைக்கு உயிர் வருகிறது. எலிப் படையோடு சண்டை. கிளாரா தன் காலணியைக் கழற்றி எலி ராஜா மீது வீசுகிறாள், பொம்மை இளவரசனாகிறது. பிறகு இருவரும் பனிக்காட்டைக் கடந்து மிட்டாய் நாட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான். நவராத்திரிக் கொலு வைத்த வீட்டில் வளர்ந்த எந்தக் குழந்தையும், விளக்கை அணைத்த பிறகு படியிலுள்ள பொம்மைகள் என்ன செய்யும் என்று ஒருமுறையாவது யோசித்திருக்கும். ஐரோப்பியக் குழந்தைகள் யோசித்ததும் அதையேதான்.

கதையை எழுதியவர் ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன், 1816ல். அவர் எழுதியது கொஞ்சம் பயமூட்டும் கதை. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1844ல் அதை இனிமையாக்கி மறுபடி எழுதினார். ரஷ்ய அரச நாடக அரங்குகளின் இயக்குநர் அந்த இனிப்பான கதையை எடுத்துக்கொண்டு, இசையமைக்கும் பொறுப்பைச் சைக்கோவ்ஸ்கியிடம் கொடுத்தார். நடன ஆசிரியர் பெத்திப்பாவோ எந்த இடத்தில் எத்தனை தாள அளவு இசை வேண்டும், அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டே தந்துவிட்டார். சைக்கோவ்ஸ்கிக்கு இந்த வேலையில் ஆரம்பத்தில் பெரிய உற்சாகம் இல்லை. வேலை நடந்துகொண்டிருந்த 1891ல் அவருடைய தங்கை அலெக்சாந்திரா வேறு இறந்துபோனார்.

இரண்டாம் அங்கத்தின் இறுதியில் வரும் ஜோடி நடனத்தின் இசையைக் கேட்டிருக்கிறீர்களா? குழந்தைகள் கதைக்குச் சற்றும் பொருந்தாத கனம் அதில் இருக்கும். அந்தத் தங்கையின் நினைவுதான் அது என்று கருதுவோர் உண்டு. மெட்டு என்று பார்த்தால் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் ஒரே வரிசைதான். ச, நி, த, ப, ம, க, ரி, ச. சங்கராபரணத்தின் அவரோகணம்! எட்டே எட்டு சுரங்களை வைத்து ஒருவர் பெரியவர்களின் தொண்டையை அடைக்க வைத்திருக்கிறார்.

மிட்டாய்த் தேவதையின் ஆட்டத்துக்கு மணியோசை போலக் கேட்பது ‘செலஸ்டா’ என்ற கருவி. அப்போது அது பாரிசில் புதிதாக வந்திருந்தது. தன்னை முந்திக்கொண்டு வேறு ரஷ்ய இசையமைப்பாளர் யாரும் பயன்படுத்திவிடக் கூடாதென்று சைக்கோவ்ஸ்கி அதை ரகசியமாக வரவழைத்தார். தொழில் பொறாமை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

1892 டிசம்பர் 18ஆம் தேதி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரின்ஸ்கி அரங்கில் முதல் காட்சி. பெத்திப்பா நோய்வாய்ப்பட்டதால் உதவியாளர் லெவ் இவானோவ் நடனத்தை அமைத்து முடித்திருந்தார். இசைக்குப் பாராட்டு கிடைத்தது. நாடகத்துக்கு விமர்சகர்களிடம் நல்ல அடி! அவர்கள் சொன்ன முக்கியக் குறை என்ன தெரியுமா? மேடை முழுக்கக் குழந்தைகள். கிளாராவாக ஆடியதே நடனப் பள்ளி மாணவிதான். தலைமை நடனமணி இரண்டாம் அங்கத்தில்தான் வருகிறார். பணம் கொடுத்து வந்தவன் பிள்ளைகள் ஓடி விளையாடுவதையா பார்ப்பது என்று கேட்டார்கள். சைக்கோவ்ஸ்கி அடுத்த ஆண்டே காலமானார். தன் நாடகம் உலகை வெல்வதை அவர் பார்க்கவில்லை.

அவர்கள் குறையென்று சொன்னதே நாடகத்தைக் காப்பாற்றியது. அது எப்படி என்பதற்கு ஒரு பையனின் கதை போதும்.

அதே மரின்ஸ்கி அரங்கின் பள்ளியில் படித்து, அதே நாடகத்தில் சிறுவனாக வேஷம் கட்டி ஆடியவர் ஜார்ஜ் பாலன்சின். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் நகர பாலே குழுவை நடத்தினார். 1954ல் இந்த நாடகத்தை அங்கே மேடையேற்றியபோது சிறுவயதில் ஆடியதை நினைவிலிருந்து எடுத்தார், மேடையைக் குழந்தைகளால் நிரப்பினார். கிறிஸ்துமஸ் மரம் பார்ப்பவர் கண்ணெதிரே வளர வேண்டும் என்றார். ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த மரத்துக்கே போனது. மரம் இல்லாமல் முடியாதா என்று பண நிர்வாகி கெஞ்ச, மரம்தான் நாடகமே என்று சொல்லிவிட்டாராம். 12 அடியிலிருந்து 41 அடிக்கு வளரும் மரத்தை நியூயார்க்கில் இன்றும் ஆண்டுதோறும் பார்க்கலாம்.

மேடையில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் அரங்கில் ஐம்பது தாய் தந்தையர், நூறு தாத்தா பாட்டிகள். பாலே பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள். எங்கள் வீட்டு எலி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள். இந்த ஆண்டு எலி, அடுத்த ஆண்டு சிப்பாய், பத்தாண்டு கழித்து பனித்துகள், திறமை இருந்தால் மிட்டாய்த் தேவதை. திறமை இல்லாவிட்டாலும் கவலையில்லை. விருந்துக் காட்சியில் அப்பாவாக, அம்மாவாக நிற்க ஆள் வேண்டுமல்லவா? எலியாக ஆடியவள் பிற்காலத்தில் தன் மகளை அழைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்க வருகிறாள். அமெரிக்காவில் பல குழுக்களுக்கு ஆண்டு டிக்கெட் வருமானத்தில் பாதிக்கு அருகில் இந்த ஒரு நாடகத்திலிருந்தே வருகிறது. மற்ற மாதங்களில் புதுமை செய்து நட்டப்படுவதற்கான தைரியமும் அதில்தான் கிடைக்கிறது.

எல்லாமே இனிப்பு என்று சொல்வதற்கில்லை. மிட்டாய் நாட்டில் ‘தேநீர்’ என்றொரு சீன நடனம் உண்டு. விரலை நீட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் குதிக்கும் கேலிச் சித்திரமாகவே அது பல காலம் இருந்தது. நம் மின்தூக்கிச் சிறுமி அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? நியூயார்க் குழு 2017ல்தான் ஒப்பனையையும் அசைவுகளையும் மாற்றியது. மாற்றினால் நாடகம் கெட்டுவிடும் என்றவர்களும் இருந்தார்கள். கெடவில்லை. ஆஸ்திரேலியர்கள் 1992லேயே கதையைத் தங்கள் வெயில்காலக் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊருக்கு ஊர் திருத்தி எழுதினாலும் தாங்குகிற கதை இது.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு தொடர்பு உண்டு, அதுவும் சிங்கப்பூர் வழியாக.

மரின்ஸ்கி அரங்கில் வளர்ந்தவர்தான் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவா. நட்கிராக்கரின் பனித்துகள் நடனத்தைத் தன் குழுவோடு பல நாடுகளுக்குக் கொண்டுசென்றவர். 1922ல் சிங்கப்பூருக்கும் வந்து, இன்றைய குட்வுட் பார்க் ஹோட்டல் இருக்கும் கட்டடத்தில் ஆடினார். 1928ல் பம்பாயில் அவர் ஆடியதைப் பார்த்து மயங்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல். கப்பலில் அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலேயே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா தூண்ட, ருக்மிணி தேவி பரதம் கற்று 1935ல் மேடையேறினார். 1936ல் கலாக்ஷேத்திரா பிறந்தது. நம் பிள்ளைகள் பயிலும் பரதத்தின் கதையில் ஒரு ரஷ்யப் பெண்ணுக்கும் சின்ன இடம் இருக்கிறது.

சிங்கப்பூரின் சொந்த பாலே குழு 1988ல் ஏழு ஆட்டக்காரர்களோடு தொடங்கியது. சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்றிருந்த பெயர் 2021ல் சிங்கப்பூர் பாலே என்றானது. பனியே பெய்யாத ஊரில் அவர்களும் நட்கிராக்கரை மேடையேற்றியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு முப்பது ஆண்டு முன்பே, 1958ல், சாந்தா பாஸ்கர் சீனக் காதல் கதையான ‘பட்டாம்பூச்சிக் காதலர்’களைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். ஊரின் கதையை எடுத்து நம் நடனத்தில் சொல்லும் துணிச்சல் அப்போதே இங்கிருந்தது. அவர் 2022ல் மறைந்தார். நல்ல ஆசிரியர்களும் நடனப் பள்ளிகளும் இன்றும் இருக்கிறார்கள். அரங்கேற்றங்கள் சிறப்பாகவே நடக்கின்றன. ஆனால் அரங்கேற்றம் என்பது ஒரு பிள்ளைக்கு ஒரே நாள். மண்டபம், பட்டுப்புடவை, பக்கவாத்தியம், பெருஞ்செலவு. மறுநாள்? எலி வேஷத்தில் தொடங்கிப் பத்து டிசம்பர்கள் திரும்பத் திரும்ப மேடைக்கு இழுக்கும் ஒன்று நம்மிடம் இல்லை. தேர்வுக்காக வகுப்பை நிறுத்தும் பெற்றோர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பி வர ஒரு வாசல் வேண்டாமா?

கதைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கொலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது படி, ஒன்பது இரவு, ஆண்டுக்கு ஒரு முறை. சமூக மன்ற மண்டபமே போதும். ஐந்து வயதுப் பிள்ளை செட்டியார் கடையில் ஒரு பொட்டலமாக உட்காரலாம். அலாரிப்பு தெரிந்தவர்கள் மரப்பாச்சி ஜோடிகள். ஆறு வருடம் கற்றுவிட்டுத் தேர்வுக்காக நிறுத்தியவளுக்கும் மேல்படியில் ஓரிடம் ஒதுக்கலாம். அப்பாக்களுக்கு வேலை இல்லையென்று நினைக்க வேண்டாம். ஒன்பது படிகளையும் கட்ட ஆள் வேண்டும்.