வேலைக்கு முன் பத்து நிமிடம்

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் முதலில் 'டூல்பாக்ஸ் மீட்டிங்' என்பார்கள். கருவிப்பெட்டி அருகில் கூடி நின்று, இன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று பத்து நிமிடம் பேசுவது.

நம் ஊர் மேஸ்திரிகளும் இதைச் செய்ய வேண்டும். "ஜாக்கிரதையா இருங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. அன்றைய வேலையைப் பேசுங்கள். குழி தோண்டும் நாளா? ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. மார்பளவு மூடினாலே மூச்சு விட முடியாது. ராத்திரி மழை பெய்ததா, கரையில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்க விடாதீர்கள்.

தமிழ் சரியாகத் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளிகள் தலையாட்டினால் புரிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சொன்னதைச் செய்து காட்டட்டும்.

எல்லாவற்றையும்விட, வேலை செய்பவர்களைக் கேளுங்கள். "சாரத்துல மூணாவது கட்டு ஆடுதுண்ணே" என்பார் ஒரு சித்தாள். நேற்றே பார்த்திருப்பார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து, இறுக்கிக் கட்டிய பிறகு முதல் சட்டிக் கலவை மேலே போகட்டும்.