பரவல் முறைச் சமூக வலையமைப்புகளும் மக்கள் பங்கேற்பும்

பெங்களூரின் பழமையான பகுதிகளுள் ஒன்று அல்சூர். 1809-இல் தண்டுப் பகுதி உருவானதைத் தொடர்ந்து தமிழர் பலர் இப்பகுதியில் குடியேறினர். 1950-இல் தொடங்கப்பெற்ற பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இங்குள்ள ஏரியின் அருகே அமைந்துள்ளது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகளைப் பேசுவோர் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். சங்கங்களும் வழிபாட்டிடங்களும் தனித்தனி. சந்தையும் சாலையும் பொது. இணைய உலகில் இத்தகைய ஏற்பாட்டை உருவாக்கும் முயற்சியே பரவல் முறைச் சமூக வலையமைப்பாகும்.

இதன் தேவையை உணர்த்தும் நிகழ்ச்சி பெங்களூரிலேயே நேர்ந்தது. 2020-இல் இந்நகரில் தொடங்கப்பெற்ற 'கூ' என்னும் சமூக ஊடகம், கன்னடம், தமிழ் முதலிய இந்திய மொழிகளில் கருத்துப் பரிமாற வழி செய்தது. 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வரவு செலவைச் சார்ந்து நிற்கும் பொதுமேடை, அந்நிறுவனத்தோடு மறைந்துவிடும். நாட்டின் அளவோ, மொழிப்பற்றோ அதைக் காப்பாற்றுவதில்லை.

இயங்கும் முறை

பரவல் முறையில் ஒரே உரிமையாளர் இல்லை. 'வழங்கி' எனப்படும் கணினிகள் பலவற்றைப் பல்வேறு அமைப்புகள் நடத்துகின்றன. பொதுவான விதிமுறை ஒன்று அவற்றை இணைக்கிறது. 2016-இல் வெளிவந்த 'மாஸ்டடான்' இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. இது பின்பற்றும் 'ஆக்டிவிட்டிபப்' என்ற விதிமுறையை 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்றது.

அஞ்சல் முறையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். 1972-இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண் முறையில் அல்சூருக்குரியது 560008. பெயர் மட்டும் எழுதினால் கடிதம் சேராது, ஊரும் வேண்டும். அவ்வாறே இங்கும் முகவரி இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உறுப்பினரின் பெயர். அடுத்தது அவர் சேர்ந்துள்ள வழங்கியின் பெயர். ஒரு வழங்கியில் உள்ளவர் மற்றொன்றில் உள்ளவரைப் பின்தொடரலாம், மறுமொழியும் அளிக்கலாம்.

குழப்பத்தின் காரணங்கள்

2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி, இந்தியர் பலர் மாஸ்டடானில் சேர்ந்தனர். ஆயினும் அவ்வேகம் நெடுநாள் நீடிக்கவில்லை. புதியவர்களை மூன்று இடர்ப்பாடுகள் தயங்கச் செய்கின்றன.

முதலாவது, எந்த வழங்கியில் சேர்வது என்ற வினா. இரண்டாவது, வெறுமையான முகப்புப் பக்கம். விருப்பத்தை ஊகித்துச் செய்திகளைக் குவிக்கும் ஏற்பாடு அங்கு இல்லை. உறுப்பினரே பிறரைத் தேடிப் பின்தொடர வேண்டும். மூன்றாவது, இடமாற்றம் பற்றிய ஐயம். மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்களை உடன் கொண்டு செல்லலாம். பழைய பதிவுகள் உடன் வருவதில்லை.

முதல் இடர்ப்பாட்டைத் தீர்க்க 2023 மே மாதத்தில் மாஸ்டடான் தன் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. வேறொன்றைத் தேர்ந்தெடுக்காத புதியவர்கள், அதன் நிறுவனத்தாரே நடத்தும் பெரிய வழங்கியில் சேர வழிகாட்டப்பட்டனர். சேர்வது எளிதாயிற்று. ஆனால் அனைவரும் ஒரே வழங்கியில் திரண்டால் பரவல் என்ற நோக்கமே குன்றிவிடும். எளிமைக்கும் பரவலுக்கும் இடையிலான இம்முரண்பாடே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

தெரிந்த வாயில்

பட்டியல் நீள்வதால் மட்டும் குழப்பம் உண்டாவதில்லை. பட்டியலில் உள்ள எவரையும் அறியாததே அதற்குக் காரணம். எனவே தேர்வை மறைப்பதைவிட, மக்கள் ஏற்கெனவே நம்பும் அமைப்புகள் வாயிலாக அமைவதே சிறந்த தீர்வு. கல்லூரி, நூலகம், மொழிச் சங்கம் ஆகியவை தத்தம் உறுப்பினர்களுக்கு வழங்கி நடத்தலாம். சேர்ந்தவுடன் பின்தொடரத்தக்க பத்துப் பேரின் பட்டியலையும், தாய்மொழியில் ஒரு பக்க விளக்கத்தையும் அளித்தால் வெறுமை நீங்கும்.

அரசுகளும் இவ்வழியில் முயன்றுள்ளன. ஜெர்மனியில் 2020-இலும் நெதர்லாந்தில் 2023-இலும் அரசு அமைப்புகளுக்கான வழங்கிகள் தொடங்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்காக 2022-இல் தொடங்கிய முன்னோடித் திட்டமோ, பொறுப்பேற்று நடத்த வேறோர் அமைப்பு முன்வராததால் 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. தொடங்குவது எளிது, பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்குவதே கடினம் என்பது இதன் பாடம்.

அவையோர் ஒரு வினா எழுப்பக்கூடும்: உரிமையாளர் ஒருவர் இல்லாத இடத்தில் அவதூறுக்கும் மோசடிக்கும் யார் பொறுப்பு? ஒவ்வொரு வழங்கிக்கும் நிர்வாகி உண்டு. தகாத பதிவை நீக்கவும், தீங்கு விளைவிக்கும் பிற வழங்கிகளின் தொடர்பைத் துண்டிக்கவும் அவரால் இயலும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இடைநிலை அமைப்புகள் குறை தீர்க்கும் அலுவலரை அமர்த்த வேண்டுமெனக் கூறுகின்றன. அமைப்புகள் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மாஸ்டடானின் தனிச்செய்திகளை நிர்வாகி படிக்க இயலும் என்பதால், அலுவலக மறைச்செய்திகளுக்கு அது ஏற்றதன்று. இதனை உறுப்பினர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிவிப்பது கடமை.

கணினித் துறையில் பெயர்பெற்ற பெங்களூரில் இதற்கான தொழில்திறனுக்குக் குறைவில்லை. மாணவர்கள் வழங்கியைப் பராமரிக்கக் கற்கலாம். சங்கங்கள் உறுப்பினர்களைத் திரட்டலாம். அலுவலர்கள் தம் அறிவிப்புகளை அங்கும் வெளியிடலாம். படிப்பவராக மட்டுமன்றி நடத்துபவராகவும் மக்கள் மாறும்போதுதான் பங்கேற்பு என்ற சொல் முழுப்பொருள் பெறும்.