சோதனைக் குழாயின் இழையும் மூளையின் இழையும்

 இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு மகிழ்ச்சியும் பதற்றமும் சேர்ந்தே இருக்கின்றன. எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நரம்புச் சிதைவு நோய்களில் புரதங்கள் திரள்வதன் மூலக்கூறு வழிமுறைகள் என்பது கருத்தரங்கின் பொருள். அமிலாய்டு பீட்டா, டௌ, ஆல்ஃபா சினுக்ளீன், டிடிபி-43 ஒவ்வொன்றுக்கும் தனி அமர்வு இருக்கிறது. கரு உண்டாவது, இழை நீள்வது, நீண்ட இழையின் பக்கத்திலேயே புதுக்கரு முளைப்பது எல்லாம் நீங்கள் அறிந்தவை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட, புரதச் சங்கிலியின் கோணங்களைக் காட்டும் வரைபடத்தில் இந்த நோய் இழைகள் பெரும்பாலும் எந்த மூலையில் கிடக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பேரறிஞரே முதுமையில் பார்கின்சன் நோயால் துன்பப்பட்டு 2001இல் மறைந்தார். அவரை வணங்கிவிட்டு, பல ஆண்டுகளாக என் மனத்தை அரிக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். அது ஹெப்பாரின்.

முழு நீள டௌ புரதம் குழாயில் எளிதில் தானாகத் திரளாது. மனித மூளையில் அதன் மிக நீண்ட வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள். நீரில் நன்றாகக் கரையும், நிலையான மடிப்பு கிடையாது, இழையாகும் பகுதியில் நேர்மின்னூட்டம் மிகுதி. ஒன்றையொன்று விலக்கும் மூலக்கூறுகளை நெருங்கவைக்க எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. 1996இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் கோடெர்ட்டும் குழுவினரும் ஹெப்பாரின் போன்ற சல்பேட் ஏற்றிய சர்க்கரைச் சங்கிலிகளைச் சேர்த்து டௌ இழைகளை உண்டாக்கினார்கள். நோயுற்ற மூளையின் டௌ முடிச்சுகளில் ஹெப்பரான் சல்பேட் காணப்பட்டதால் அந்த யோசனைக்கு நியாயமும் இருந்தது. மறுநாளே முடிவு கிடைக்கும் எளிய சோதனை. உலகம் முழுக்கப் பரவியது. நானும் செய்தேன். என் மாணவர்கள் பலரின் பட்டங்கள் அதில்தான் நிற்கின்றன.

நாங்கள் செய்த தவறு அந்த இழைக்கு ‘அல்சைமர் இழை’ என்று பெயர் வைத்தது. தயோஃப்ளேவின்-டி சாயம் ஒளிர்ந்தால் போதும், நுண்ணோக்கியில் முறுக்கு தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். இது மூளையில் இருப்பதுதானா என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் நான் கேட்டபோது, நான் மதிக்கும் மூத்தவர் ஒருவர், “இழை என்றால் இழைதான், அதில் என்ன சாதி வேற்றுமை?” என்றார். அவை சிரித்தது. அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் 2017இல் வந்தது. ஓர் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த டௌ இழைகளைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 306 முதல் 378 வரையிலான பகுதி ‘சி’ எழுத்துபோல் மடிந்து கிடந்தது. அடுத்த ஆண்டு பிக் நோயின் இழை வெளிவந்தது. அது வேறு மடிப்பு. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் இழை இன்னொன்று. புரதம் ஒன்றுதான், மடிப்பு நோய்க்கு நோய் மாறுகிறது. ஹெப்பாரின் இழை? 2019இல் அதையும் பார்த்தார்கள். நான்கு விதமான மடிப்பாவது அதில் இருந்தது. ஒன்றுகூட அல்சைமர் மடிப்போ பிக் மடிப்போ இல்லை. இதை வெளியிட்டவர்களில் கோடெர்ட்டும் கிரௌதரும் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இருந்த அதே இருவர். தம் பழைய முறையின் எல்லையைத் தாமே அளந்து சொன்ன அந்த நேர்மையை நம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

டௌ மட்டும் இப்படியென்று எண்ண வேண்டாம். மூளை இரத்தக்குழாயிலிருந்து எடுத்த அமிலாய்டு பீட்டா இழை வலப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. ஆய்வகங்களில் பழக்கமாக வளர்த்தவை இடப்பக்கம். பார்கின்சன் மூளையின் ஆல்ஃபா சினுக்ளீன் மடிப்பு 2022இல் தெரியவந்தது. அதுவும் அதுவரை சோதனைக் குழாயில் கண்ட வடிவங்களில் சேரவில்லை.

மடிப்பு மாறினால் எந்த அமினோ அமிலம் வெளியே நிற்கிறது, எது உள்ளே மறைகிறது என்பது மாறும். மருந்து ஒட்டும் இடமும் மாறும். அல்சைமர் டௌவைப் படமெடுக்கும் ஃப்ளார்டௌசிபிர் பிக் நோயின் இழையோடு சரியாக ஒட்டாததைப் பாருங்கள். ஹெப்பாரின் இழையை உடைக்கும் மூலக்கூறு மூளையின் இழையையும் உடைக்கும் என்று நம்ப நமக்கு என்ன ஆதாரம்? இயக்கவியல் பாடங்கள் வீண்போகா என்று நண்பர்கள் சொல்வார்கள். கருவாக்கம் பற்றி நாம் கற்றவை நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். எந்த இழையின் வேகத்தை அளந்தோம் என்ற கேள்வியும் நிற்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. 2022இல் டௌவின் 297 முதல் 391 வரையிலான துண்டை, ஹெப்பாரின் சேர்க்காமல், மக்னீசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி அல்சைமர் மடிப்பையே குழாயில் பெற்றார்கள். உப்பை மாற்றியதும் அடிபட்ட மூளையின் மடிப்பு வந்தது. செய்முறை வெளியாகியிருக்கிறது. இனி பழைய முறையைத் தொடர்கிறவர்கள் அதற்குக் காரணம் எழுத வேண்டும். கட்டுரைகளை மதிப்பிடும் நாமும் அதைக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மூளைத் திசு வேண்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்வதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுடைய மூளையில் எந்த மடிப்பு இருக்கிறது? பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசுக் காப்பகம் இயங்குகிறது. நம் துறையினரில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறோம்? கண்தானம் பற்றி வீட்டில் பேசப் பழகிவிட்டோம். மூளைதானம் பற்றிப் பேசுவதில்லை. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய திசு அது. குடும்பம் முன்பே முடிவு செய்திருந்தால்தான் நடக்கும்.

இந்த இரண்டு நாள்களில் பேசவிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: இழையின் படத்தைத் திரையில் காட்டுவதற்கு முன், அது எதில் வளர்ந்தது என்பதைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைத் தலைவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். நானும் என் மனைவியும் மூளைதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.